சிக்னல் திரும்பும் வளைவு

போடிநாயக்கனூரிலிருந்து:

செல்பேசியில் பேசிக்கொண்டே வண்டி ஓட்டியதால் நேர்ந்த விபத்துகளில் தாங்கள் கண்டவற்றை இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதுவது விபத்தாகாமல் தப்பிய ஒன்று. இடுக்கி மாவட்டத்தின் தமிழ்வழிப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில், ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில்தான் போடியிலிருந்து பூப்பாறைக்குப் போய்வந்தேன். முந்தலைத் தாண்டியதும் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் செல்பேசி சிக்னல் வளைவுக்கு வளைவு போவதும் வருவதுமாக இருக்கும். அது திரும்பிய நொடியில், இடையில் தவறிய அழைப்புகளும் செய்திகளும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும். சமவெளியைப் பார்த்த திறந்த வளைவில்தான் பெரும்பாலும் அது நிகழும். ஓட்டுநரின் முழுக் கவனமும் தேவைப்படும் இடமும் அதுவே.

பனி மூடிய ஒரு காலையில் அப்படித்தான் ஒலித்தது. அழைத்தவர் தோட்டத்து மேற்பார்வையாளர். ஓட்டுநர் இளைஞர், செல்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினார். கைகள் இரண்டும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன, கண்ணும் சாலையில்தான் இருந்தது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. எதிரே இறங்கி வந்த லாரி அதன்படி ஒதுங்கி நின்றும் விட்டது. எங்கள் ஜீப்தான் வளைவை அகலமாக எடுத்து, நின்றிருந்த லாரியை நோக்கியே போனது. “ஏப்பா, முன்னால லாரிப்பா!” என்று பின்னாலிருந்த மூத்த பெண்மணி அலறிய பிறகே பிரேக் விழுந்தது. இடைவெளி ஒரு முழம் இருந்திருக்கும். காலடியில் விழுந்த செல்பேசியிலிருந்து “எங்கடா வர்றே?” என்ற குரல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. லாரி தன் கண்ணில் படவே இல்லை என்று அந்த இளைஞர் பிறகு சொன்னபோது நான் நம்பினேன்.

மறுநாள் முதல் அந்த அம்மா, வண்டி கிளம்பும் முன்பே ஓட்டுநருடைய செல்பேசியை வாங்கித் தம் ஒயர் கூடையில் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். “குடுங்கத்தே, ஒரு நிமிசம்” என்று அவர் எவ்வளவு கெஞ்சினாலும் பூப்பாறை வரை அது வெளியே வராது.

செங்கோட்டையிலிருந்து:

நான் ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவன். கேரளத்தில் 2023 ஜூன் மாதம் முதல் சாலைக் கேமராக்களே ஆளைப் பிடித்து, ஓட்டும்போது செல்பேசி பேசினால் 2,000 ரூபாய் அபராதம் விதிக்கின்றன. ஆகவே எங்கள் ஆட்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள புளியரை வரை பேசித் தீர்த்துவிட்டு, எல்லை தாண்டியதும் செல்பேசியைப் பெட்டிக்குள் போடுகிறார்கள். பயம் கேமராவுக்குத்தானே தவிர, புளியரை மலை வளைவுக்கு அல்ல என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. காதில் புளூடூத் மாட்டியிருப்பவர்களோ தமக்கு எந்தக் குறையும் இல்லை என்பார்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் கையில் பிடிக்கும் கருவியைத்தான் சொல்கிறது. ஆசிரியை சொன்ன இளைஞரின் கையில் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறோம். மனம் வீட்டுக்குப் போய்த் திரும்ப ஒரு நொடி போதுமா?

மீண்டும் போடிநாயக்கனூரிலிருந்து:

போதாது, ஐயா. முன்பு எழுதக் கூசியதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் மாலையில் கம்பத்திலிருந்து பைக்கில் திரும்பும் நேரம் பார்த்து, “எங்கே வருகிறீர்கள்?” என்று நானே தினமும் அழைத்துக்கொண்டிருந்தேன். எடுக்காவிட்டால் மறுபடியும் அழைப்பேன். அந்த மேற்பார்வையாளரின் குரலைக் கேட்ட நாளோடு அதை நிறுத்தினேன். இப்போது புறப்படும் முன் அவரே ஒரு முறை அழைக்கிறார். அதன் பிறகு வாசலில் பைக் சத்தம் கேட்கும் வரை நான் செல்பேசியைத் தொடுவதில்லை.