மார்ஷ்மெல்லோ ஆய்வு: "சாம்பிள் சிறியது" என்பதைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும்?

தேன்மொழி_உளவியல்:
வணக்கம். எம்.எஸ்சி உளவியல் முதலாண்டு. துறை ஜர்னல் கிளப்பில் (ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் கூட்டம்) மார்ஷ்மெல்லோ ஆய்வை, அதாவது பிடித்த தின்பண்டத்துக்காகச் சின்னப் பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று பார்த்த ஆய்வை, விமர்சித்துப் பேச வேண்டும். 1990-இல் வந்த ஷோடா, மிஷெல், பீக் கட்டுரையும் 2018-இல் வந்த வாட்ஸ், டங்கன், குவான் கட்டுரையும் கையில் இருக்கின்றன. சின்ன வயதில் கூடுதல் நேரம் காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் எஸ்.ஏ.டி தேர்வில் (அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு) அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்கிறது முதலாவது. அந்தத் தொடர்பு பாதி அளவுதான் என்கிறது இரண்டாவது. படித்தால் இரண்டுமே சரி போலத் தோன்றுகிறது. எந்த வரிசையில் படிப்பது, எதைக் கேட்பது? அடுத்த செமஸ்டரில் பால்வாடிப் பிள்ளைகளின் கவனத்தைப் பார்த்துக் குறிக்கிற ப்ராஜெக்ட்டும் இருக்கிறது. அதற்கும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_பெஞ்ச்:
அப்ஸ்ட்ராக்டை (தொடக்கச் சுருக்கம்) முதலில் மூடி வையுங்கள். நேரே மெத்தட்ஸ் (ஆய்வு முறை), பிறகு டேபிள்கள். யார், எத்தனை பேர், அவர்களை என்ன செய்யச் சொன்னார்கள், எதை அளந்தார்கள், எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை மட்டும் வைத்து முடிவை நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டு, அப்புறம் அப்ஸ்ட்ராக்டைத் திறந்து ஒப்பிடுங்கள். உங்கள் வரிக்கும் அவர்கள் வரிக்கும் எங்கே இடைவெளி விழுகிறதோ, அதுதான் நீங்கள் பேச வேண்டிய இடம்.

இந்த ஆய்வுக்கே செய்து பார்க்கலாம். இடம் ஸ்டான்ஃபோர்ட் வளாகத்தின் பிங் நர்சரி பள்ளி. பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள். பிள்ளையைத் தனியே உட்கார வைத்துவிட்டுப் பெரியவர் வெளியே போகிறார். மணி அடித்தால் உடனே வருவார், ஆனால் அதிகம் பிடிக்காத தின்பண்டம்தான் கிடைக்கும். அவராக வரும்வரை பொறுத்தால் பிடித்தது கிடைக்கும். (பெயர் மார்ஷ்மெல்லோ என்று நின்றுவிட்டதே தவிர, 1970 ஆய்வில் வைத்தது குக்கியும் பிரெட்ஸலும்.)

அன்று மிஷெல் குழு கேட்ட கேள்வி, எந்தச் சூழலில் பிள்ளை கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது. 1970 ஆய்வில் இரண்டு பண்டமும் கண்ணெதிரே இருந்தபோது சராசரியாக ஒரு நிமிடம்தான் காத்திருந்தார்கள். இரண்டையும் எடுத்துவிட்டபோது 11 நிமிடத்துக்கு மேல். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்திருந்ததால், பண்டம் கண்ணில் படுவதுதான் காரணம் என்று சொல்ல அங்கே உரிமை உண்டு.

1990 கட்டுரை வேறு சாதி. யாரையும் "நீ காத்திரு, நீ காத்திராதே" என்று பிரிக்கவில்லை. பழைய பிள்ளைகளைப் பல ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்து, அன்றைய நிமிடங்களையும் இன்றைய மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்தார்கள். அது கோரிலேஷன்: இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் சொல்லும், எது காரணம் என்று சொல்லாது. மேடைப் பேச்சுகளில் முதல் வகை ஆய்வின் உறுதியை இரண்டாவதற்கு ஏற்றிவிடுகிறார்கள்.

டேபிளில் இன்னொன்று கவனியுங்கள். ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் மொத்தம் 653 பிள்ளைகள். பலரும் மேற்கோள் காட்டும் எஸ்.ஏ.டி கோரிலேஷன் 35 பேரிடமிருந்து வந்தது. பண்டம் கண்ணெதிரே இருந்து, காத்திருக்க உத்தி எதுவும் சொல்லித்தராத குழு மட்டும் அது. மற்றவர்கள் எங்கே போனார்கள், யார் பதில் அனுப்பவில்லை என்று கேளுங்கள்.

கடைசியாக, நிமிடங்கள் எதை அளக்கின்றன? கிட், பால்மெரி, ஆஸ்லின் 2013-இல் 28 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் பெரியவர் முன்கூட்டியே வாக்குத் தவறும்படி செய்தார்கள். அந்தக் குழு சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தது, வாக்குக் காப்பாற்றியவரிடம் இருந்த குழு 12 நிமிடம். ஏமாற்றியவரை நம்பிக் காத்திருக்காத பிள்ளையைத் தன்னடக்கம் இல்லாதது என்று சொல்ல முடியுமா? அந்த 28 பேரும் குறைவுதான், அதையும் சொல்லிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
"சாம்பிள் சிறியது" என்று மொட்டையாகச் சொன்னால் "அதனால் என்ன?" என்று யாராவது மடக்குவார்கள். பதிலை எக்ஸெலில் எடுத்து வையுங்கள்.

35 பேரை மட்டும் வைத்தால் உண்மைத் தொடர்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் (95 விழுக்காடு நம்பக எல்லை) என்று பார்ப்போம். எஸ்.ஏ.டி கணிதப் பகுதிக்கான கோரிலேஷன் 0.57. ஃபிஷர் என்ற ஃபங்ஷனில் போட்டால் 0.648. ஆட்களின் எண்ணிக்கையில் 3 கழித்து, 32-இன் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்தால் 0.177. அதை 1.96-ஆல் பெருக்கினால் 0.346. இதை 0.648-இலிருந்து கழித்தும் கூட்டியும் வருவதை ஃபிஷர்இன்வ் ஃபங்ஷனில் திருப்பிப் போடுங்கள். விடை 0.29 முதல் 0.76 வரை. மொழிப் பகுதியின் 0.42-க்கு இதே கணக்கு 0.10 முதல் 0.66 வரை விரிகிறது. ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதிலிருந்து மிக வலுவான தொடர்பு வரை எல்லாமே உள்ளே அடங்கும். 2018-இல் கிடைத்த "பாதி அளவு" பழைய தரவோடு பெரிதாக மோதவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 35 பேரை வைத்து 5 விழுக்காடு அளவில் சிக்னிஃபிகன்ட் (வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாத முடிவு) ஆக வேண்டுமானால் கோரிலேஷன் 0.33-ஐத் தாண்டியே ஆக வேண்டும். உண்மை 0.2 என்றால், அதைச் சரியாக அளந்த ஆய்வு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று டிராயரில் போகும். தற்செயலாக மிகையாக அளந்தது மட்டும் அச்சேறும். சிறிய ஆய்வின் பெரிய எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பொறி: ஒரு குழுவில் சிக்னிஃபிகன்ட், மற்றக் குழுக்களில் இல்லை என்பதை வைத்துக் குழுக்களுக்குள் வித்தியாசம் உண்டு என்று சொல்லக்கூடாது. இரண்டு கோரிலேஷனையும் நேருக்கு நேர் சோதித்த எண் வேண்டும்.

வடகரை_வாசகன்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் 2018 கட்டுரையைத் தீர்ப்பு மாதிரி வாசித்துவிடாதீர்கள். 918 பிள்ளைகள், பலதரப்பட்ட குடும்பங்கள், அது பெரிய பலம். ஆனால் அங்கே 7 நிமிடத்தோடு நிறுத்திவிட்டார்கள். 7 நிமிடமும் தாண்டிய பிள்ளைகளில் யார் 8-இல் விட்டிருப்பார், யார் 20 வரை போயிருப்பார் என்று தெரியாது, எல்லோருக்கும் ஒரே எண். அளவுகோலின் மேல்முனை வெட்டுப்பட்டால் கோரிலேஷன் சுருங்கும். பின்னாளில் வைத்த தேர்வும் எஸ்.ஏ.டி அல்ல, 15 வயதில் வேறொரு திறன் தேர்வு.

குடும்பப் பின்னணி, இளவயது அறிவுத்திறன், வீட்டுச் சூழல் மூன்றையும் கன்ட்ரோல் செய்ததும், அதாவது அவற்றின் பங்கைக் கணக்கில் கழித்ததும், தொடர்பு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்கிறார்கள். இங்கே ஒவ்வொரு மாறியும் எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். தாயின் படிப்பு பிள்ளையின் பொறுமையையும் மதிப்பெண்ணையும் தொடுகிறது, அதைக் கன்ட்ரோல் செய்வது நியாயம். ஆனால் இளவயது அறிவுத்திறன் பொறுமையோடு பின்னிக்கிடப்பது. அதைக் கழித்தால் நாம் அளக்க வந்ததிலேயே ஒரு துண்டைக் கழிக்கிறோம். மாறிகள் ஏற ஏற ஆய்வு சுத்தமாகும் என்று எண்ணுவது பரவலான தவறு.

தேன்மொழி_உளவியல்:
மிக்க நன்றி. அம்புக்குறிப் படத்தையே முதல் ஸ்லைடாக வைக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு, 10 விநாடிக்கு ஒரு கட்டம் போட்டு "கவனம் உண்டு / இல்லை" என்று குறிக்கலாம் என்றிருக்கிறேன். நானும் தோழியும் 84 விழுக்காடு ஒத்துப்போனால் போதுமா?

பழைய_பெஞ்ச்:
போதாது. 100 கட்டங்களில் இருவருமே 90-இல் "உண்டு" போடுகிறீர்கள் என்று வையுங்கள். பிள்ளையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 0.9 × 0.9-உம் 0.1 × 0.1-உம் சேர்த்து 82 விழுக்காடு ஒத்துப்போகும். தற்செயல் ஒப்புதலைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை அளக்கும் எண் கப்பா. அது (0.84 − 0.82) ÷ (1 − 0.82), அதாவது 0.11. படுமோசம். 0.6-க்குக் கீழே இருந்தால் தரவு எடுக்கத் தொடங்காதீர்கள், வரையறையைத் திருத்துங்கள்.

"கவனமாக இருக்கிறான்" என்று எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் வரும். ஒவ்வொரு 10 விநாடிக் கட்டமும் முடியும்போது ஒரு பீப் ஒலிக்கும்படி ஆடியோ வைத்துக்கொண்டு, "பீப் ஒலித்த கணத்தில் கண் டீச்சர் மீதோ, கொடுத்த பொருள் மீதோ இருக்கிறது" என்று எழுதுங்கள். எது கணக்கில் சேராது என்பதற்கும் இரண்டு உதாரணம் போடுங்கள்: பொருள் கையில் இருக்கிறது, ஆனால் பார்வை ஜன்னலில்.

பீப் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 10 விநாடிக்குள் எப்போதாவது கவனித்தால் "உண்டு" என்று போட்டால், 2 விநாடி கவனித்ததும் முழுக்கட்டமாக ஏறி அளவு வீங்கும். முழு 10 விநாடியும் கவனித்தால்தான் "உண்டு" என்றால் சுருங்கும். கட்டம் முடியும் கணத்தை மட்டும் பார்த்துக் குறித்தால் மொத்த நேரத்தின் பங்கு ஏறத்தாழ சரியாக வரும். ஒரு காதில் மட்டும் இயர்போன், இருவருக்கும் ஒரே ஆடியோ ஃபைல்.

உங்கள் கருதுகோள் என்ன என்று தோழிக்குச் சொல்லாதீர்கள். குறைந்தது நான்கில் ஒரு பங்கு அமர்வுகளில் அவரும் தனியாகக் குறிக்கட்டும், ஆரம்பத்தில் மட்டுமல்ல, கடைசி வாரத்திலும். நாள் ஆக ஆக அவரவர் வரையறை தானாக நகர்ந்துவிடும். முதல் சில வருகைகளில் நோட்டைத் திறக்காமல் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். புது ஆளைப் பார்க்கிற பிள்ளை டீச்சரைப் பார்க்காது.