ரைசன் 5 5500, 5600: பெயரில் நூறுதான் வித்தியாசம், உள்ளே?

கேள்வி:
ஏஎம்டி செயலிகளுக்கான ஏஎம்4 சாக்கெட் கொண்ட என் மதர்போர்டில் இருக்கும் பழைய 4 கோர் செயலியை மாற்றிவிட்டு ரைசன் 5 5500 அல்லது 5600 பொருத்த எண்ணியிருக்கிறேன். இரண்டிலும் 6 கோர்கள், 12 த்ரெட்கள், 65 வாட். அடிப்படை வேகத்தில் 3.6 கிகாஹெர்ட்ஸ் கொண்ட 5500, 3.5 கொண்ட 5600-ஐ முந்தியே நிற்கிறது. அப்படியிருந்தும் விலை குறைந்த 5500 பின்தங்குகிறது என்கிறார்களே, காரணம் என்ன? நிரல் எழுதுவதும் ஒளிப்படம் திருத்துவதும் என் அன்றாட வேலை. இரவில் சிறிது நேரம் விளையாடுவேன்.

மறுமொழி 1:
அடிப்படை வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். உச்ச வேகம் 5500-க்கு 4.2, 5600-க்கு 4.4. அதைவிட முக்கியமானது எல்3 கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கும் வேகமான சிறு நினைவகம்: 5600-இல் 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. 5500 என்பது கிராபிக்ஸ் பகுதியும் சேர்ந்த வேறொரு சில்லை எடுத்து, அந்தப் பகுதியை முடக்கி விற்கப்படுவது. விளையாட்டுகள் எந்தத் தரவை எப்போது கேட்கும் என்று முன்கூட்டியே கணிப்பது கடினம் என்பதால், கேட்டது கேஷில் இல்லாத ஒவ்வொரு முறையும் கோர் ராமிலிருந்து அது வரும்வரை காத்திருக்க நேர்கிறது. தரவு வரிசையாக வரும் வீடியோ மாற்றம் போன்ற வேலைகளில் வேறுபாடு சிறியதே. 1998-இல் எல்2 கேஷே இல்லாமல் வந்த இன்டெலின் செலரான் செயலி, அதே ஆண்டில் 128 கேபி கேஷுடன் 300ஏ ஆக வந்தபோது எவ்வளவு மாறியது என்பதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

மறுமொழி 2:
செயலியையும் கிராபிக்ஸ் கார்டையும் இணைக்கும் தரவுப் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 5500-இல் அதன் பதிப்பு 3.0, 5600-இல் 4.0. 16 லேன் (தரவுத் தடம்) கொண்ட கார்டுக்கு இது பெரும்பாலும் பொருட்டல்ல. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டில் இருப்பவை 4 லேன்களே. அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் மீதித் தரவு அந்தக் குறுகிய வழியாகத்தான் வந்தாக வேண்டும், 3.0-இலோ அதன் வேகமும் பாதியாகிவிடும். சிக்கனமாகச் செயலி வாங்குபவர்தான் இத்தகைய கார்டையும் வாங்குகிறார் என்பதால், இரண்டு குறைகளும் ஒரே கணினியில் வந்து சேர்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேட்டவர்:
என் மதர்போர்டு பி450. கார்டு 16 லேன் கொண்டது.

மறுமொழி 2:
அப்படியானால் பி450-இல் 5600-உம் 3.0-இல்தான் இயங்கும், உங்களுக்குக் கேஷ் மட்டுமே கேள்வி. விளையாட்டு இரவில் சிறிது நேரம்தான் என்பதால் நான் 5500-ஐயே பரிந்துரைப்பேன். ராம் ஒற்றைத் துண்டாக இருந்தால், மிச்சமாகும் பணத்தில் இன்னொன்றைச் சேர்த்து இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு வரும்படி இரட்டைச் சேனலாக்குங்கள். பழைய செயலியைக் கழற்றுவதற்கு முன்பே, கணினியைத் தொடக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸில் புதிய செயலி இயங்கத் தொடங்காமலே போகலாம்.