1917 நோபல்: கெலரூப்புக்குக் கொடுத்தது தவறா?

சுவடிப்பித்தன்:
1917ஆம் ஆண்டின் இலக்கிய நோபலை இரண்டு டென்மார்க்காரர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்: ஹென்ரிக் பொன்டொப்பிடான், கார்ல் கெலரூப். இருவரும் 1857இல் பிறந்தவர்கள், இருவரும் பாதிரியார் மகன்கள். ஒற்றுமை அதோடு சரி. ‘லிக்கே-பெர்’ போன்ற பெரும் நாவலை எழுதியவரோடு கெலரூப்பைச் சரியாசனத்தில் அமர்த்தியது அநியாயம் என்பது என் கட்சி.

நெய்தல்வாசி:
கெலரூப்பின் எந்த நூலைப் படித்துவிட்டு இந்தத் தீர்ப்பு, ஐயா? ‘யாத்திரிகன் காமனிதன்’ (1906) படித்தீர்களா? உஜ்ஜயினி வணிகன் மகன் ஒருவன் புத்தரைத் தேடி அலைகிறான். ராஜகிருகத்தில் குயவன் வீட்டுக் கூடத்தில் இரவு தங்குகிறான். பக்கத்தில் ஒரு முதிய துறவி. அவரிடம் தன் காதல் கதையைச் சொல்லித் தீர்க்கிறான். அவர் சொல்லும் அறம் அவனுக்குப் பிடிக்கவில்லை. ‘புத்தர் இப்படியா போதிப்பார்!’ என்று நினைக்கிறான். விடிந்ததும் புத்தரைத் தேடி ஓடுகிறான், வழியில் பசு முட்டிச் சாகிறான். அந்தத் துறவிதான் புத்தர் என்பது சாகும்வரை அவனுக்குத் தெரியாது.

சுவடிப்பித்தன்:
குயவன் கூடம், பசு முட்டுவது எல்லாம் மஜ்ஜிம நிகாயத்தில் (பாலி மொழியில் உள்ள பௌத்தத் திருமறைத் தொகுப்பு) வரும் புக்குசாதி என்பவனின் கதை. பாலியிலிருந்து எடுத்ததை ஜெர்மனில் எழுதியிருக்கிறார். 1892இலேயே டிரெஸ்டனில் குடியேறி ஜெர்மானியராகவே ஆகிப்போனவர். பரிசு கிடைத்தபோது டென்மார்க்கில் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை, அதையும் கவனியுங்கள்.

நெய்தல்வாசி:
கொண்டாடாததற்கு அதுவும் ஒரு காரணம். உலகப் போர் நடக்கும்போது ஜெர்மனியில் உட்கார்ந்து ஜெர்மனில் எழுதுகிறவரை எந்த டென்மார்க்காரர் தோளில் தூக்கிக்கொள்வார்? அது அரசியல்; எழுத்துக்கான மதிப்பெண் இல்லை. புக்குசாதி விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மூலத்தில் போதனையைக் கேட்டதும் இவர்தான் புத்தர் என்று புக்குசாதி கண்டுகொள்கிறான். காமனிதனோ சாகும்வரை கண்டுகொள்ளவே இல்லை. அந்த ஒரு திருப்பம் போதும், உபதேசக் கதை நாவலாகிவிடுகிறது.

ஓரத்துவாசகன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டென்மார்க் மறந்த இந்த நாவலைத் தாய்லாந்தில் பள்ளிப் பாடமாகவே வைத்திருந்தார்கள். எழுத்தாளனுக்கு எங்கே வாசகர் கிடைப்பார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

சுவடிப்பித்தன்:
அந்தத் திருப்பம் நல்ல திருப்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிற்பாதி? காமனிதன் செத்து மேலுலகத்தில் தாமரைக்குள் பிறந்த பிறகு கதைக்குக் காலும் இல்லை, தரையும் இல்லை. இரண்டு முறை முயன்று பாதியில் வைத்துவிட்டேன். பொன்டொப்பிடானைப் பாருங்கள்: பாதிரியார் வீட்டிலிருந்து கோபன்ஹேகனுக்கு ஓடிவரும் ‘லிக்கே-பெர்’ நாயகன் பெர், அவனுடைய கால்வாய்த் திட்டம், செல்வந்த யூதக் குடும்பத்துப் பெண்ணோடு நிச்சயதார்த்தம். ஒரு நாடே அதில் நடமாடுகிறது. 1898 முதல் 1904 வரை எட்டுப் பாகங்கள்!

நெய்தல்வாசி:
எட்டையும் முடித்துவிட்டீர்களா?

சுவடிப்பித்தன்:
ஐந்தாவதில் இருக்கிறேன். பாதியில் வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.