ஆன்லைனில் கத்தி வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மீன், கறி வெட்ட எட்டு அங்குலத்தில் ஒரு நல்ல கத்தி தேவை. எங்கள் ஊர்ப் பாத்திரக்கடையில் இருப்பதெல்லாம் தகடு மாதிரி வளைகிறது. ஆன்லைனில் பார்த்தால் 'டமாஸ்கஸ்', '67 அடுக்கு' என்று போட்டு 900 ரூபாய்க்குத் தருகிறார்கள். அந்த விலைக்கு, பல எஃகுத் தகடுகளை ஒன்றாக அடித்துச் செய்யும் உண்மையான அடுக்கு எஃகு எங்கே வரும்?

போன மாதம் தம்பி அப்படி ஒன்று வரவழைத்தான். அலை அலையாகக் கோடுகள், பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. தேய்த்துக் கழுவக் கழுவக் கோடு மங்கிவிட்டது. மேலாக லேசரில் போட்ட வெறும் படம். நிஜ அடுக்கு எஃகில் கோடு தேய்ந்தாலும், அமிலத்தில் நனைத்தால் திரும்ப வரும். பேக்கிங் அதைவிட மோசம். உறை கிடையாது, நுனி அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. கொண்டுவந்த பையன் கை தப்பியதே பெரிசு. திருப்பி அனுப்பலாம் என்றால், 'பயன்படுத்திய பொருள்' என்று கைவிரித்துவிட்டார்கள்.

இன்னொன்று. 2016 ஆயுத விதிகளில், கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதம் என்று ஒரு வரம்பு உண்டு. வீட்டு வேலை, விவசாயக் கத்திகளுக்கு விலக்கு இருக்கிறது. ஆனாலும் பெரிய வெட்டுக்கத்தியை கூரியரில் எடுக்கிறார்களா, வழியில் நிறுத்துகிறார்களா?

திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் சொல்லிவைத்து பார்சலில் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிடி ஆடாமல் வருகிறதா, சாணை எத்தனை நாள் நிற்கிறது? 2,500 வரை செலவு செய்யத் தயார். அப்புறம், கையில் எடுத்துப் பார்க்காமலே எஃகின் தரத்தைக் கண்டுபிடிக்க விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.