டெஸ்டிங் ஃபீல்டுக்கு மாறலாமா? சும்மா கிளிக் பண்ற வேலைதானா இது?

கோவை_மெக்:
வணக்கம் மக்களே. மெக்கானிக்கல் முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில குவாலிட்டில இருக்கேன், வெர்னியரும் மைக்ரோமீட்டருமா போயிட்டிருக்கு. சாஃப்ட்வேர் டெஸ்டிங் பக்கம் மாறலாம்னு யோசனை. ஒரு கோச்சிங் சென்டர்ல விசாரிச்சா கோடிங்கே தேவையில்ல, மூணே மாசம், வேலை கேரண்டிங்கறாங்க, ஃபீஸ் மட்டும் யானை விலை. டெவலப்பரா இருக்கிற ஃப்ரெண்டு ஒருத்தன் மேனுவல் டெஸ்டிங்லாம் செத்துப் போச்சுடா, ஏஐ வந்துருச்சு, இந்தப் பக்கமே வராதங்கறான். யாரை நம்பறது? அப்புறம் ஒரு விளம்பரத்துல டெஸ்டர்னு போடறான், இன்னொண்ணுல க்யூஏ, இன்னொண்ணுல குவாலிட்டி இன்ஜினியர். எல்லாம் ஒண்ணா, வேற வேறயா? அடிப்படைல இருந்து சொன்னா புண்ணியமா போகும்.

பக்_புடிக்கிற_அக்கா:
தம்பி, முதல்ல அந்த சென்டர்ல பணம் கட்டாதீங்க. ஐஎஸ்டிக்யூபின்னு டெஸ்டிங்குக்கு சர்டிஃபிகேட் பரீட்சை வெக்கிற சர்வதேச அமைப்பு இருக்கு, அதோட ஃபவுண்டேஷன் சிலபஸ், 2023ல வந்த 4.0 வெர்ஷன், அவங்க சைட்லயே ஃப்ரீயா பிடிஎஃப்பா கெடைக்குது, சென்டர்ல சொல்லித் தர தியரி பெரும்பாலும் அதுக்குள்ளயே இருக்கு.

பேர் குழப்பம் சீக்கிரம் முடிஞ்சிரும். செஞ்சு முடிச்சதை ஓட்டிப் பாத்து தப்பு கண்டுபுடிக்கிறது டெஸ்டிங். தப்பு வராத மாதிரி வேலை நடக்கற முறையைப் பாத்துக்கறது க்யூஏ, அதாவது குவாலிட்டி அஷ்யூரன்ஸ். என்ன வேணும்ங்கற ரெக்வயர்மென்ட் பேசற அன்னிக்கே உள்ள உக்காந்து ரிலீசுக்கு அப்புறமும் கண்ணு வெச்சிருக்கிறது குவாலிட்டி இன்ஜினியரிங். உங்க கம்பெனில ஃபைனல் இன்ஸ்பெக்ஷனும் ப்ராசஸ் கன்ட்ரோலும் வேற வேற இல்லியா, அதே கதைதான். ஆனா கம்பெனிக்காரங்க பேரை இஷ்டத்துக்கு வெக்கிறாங்க, அதனால வேலை என்னன்னு கீழ எழுதியிருக்கிறதைப் படிங்க.

இப்ப கிளிக் பண்ற வேலையாங்கற கேள்வி. ரயில் டிக்கெட் புக்கிங்கையே எடுத்துக்கோங்க. 5 வயசுக்குக் கீழ தனி பெர்த் வேணாம்னா டிக்கெட் வேணாம். 5 முடிஞ்சு 12 ஆகறதுக்குள்ளனா, பெர்த் வேணாம்னா அரை டிக்கெட், வேணும்னா 2016லேருந்து முழு டிக்கெட். இதுக்கு 1லேருந்து 100 வரைக்கும் எல்லா வயசையும் போட்டுப் பாப்பீங்களா? 7க்கும் 8க்கும் ஒரே பதில்தான் வரப்போகுது, அந்தக் கூட்டத்துலேருந்து ஒண்ணு எடுத்தா போதும். ஆனா 4, 5, 11, 12 நாலையும் கண்டிப்பா போடணும், ஏன்னா டெவலப்பர் 'சின்னது'ங்கற குறிக்கு பதிலா 'சின்னது அல்லது சமம்' போட்டுட்டார்னா 12 வயசுப் பையனுக்கு அரை டிக்கெட் விழும், 8 வயசுப் பொண்ணை வெச்சு எத்தன தடவ ஓட்டினாலும் அது மாட்டவே மாட்டாது. இதுக்குப் பேர் பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ். இது எல்லாருக்கும் தெரியும். நல்ல டெஸ்டர் அடுத்து ஒண்ணு கேப்பா பாருங்க: ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடியே தொறக்குது, அதுக்கு நடுவுல பாப்பாவுக்கு 5 வயசு முடிஞ்சா? புக் பண்ற அன்னிக்கு வயசா, பயணம் பண்ற அன்னிக்கு வயசா? ரெக்வயர்மென்ட்ல அது எழுதலன்னா கோடு எழுதறதுக்கு முன்னாடியே புடிச்ச பக், அதாவது தப்பு, அது. இதுல எங்க கிளிக் வந்துச்சு?

அப்புறம் பக் ரிப்போர்ட் எழுதக் கத்துக்கோங்க. 'சைல்டு ஃபேர் ஒர்க் ஆகல'ன்னு எழுதினா டெவலப்பர் என் மெஷின்ல ஒர்க் ஆகுதேன்னு திருப்பி அனுப்பிருவார். 'வயசு 12, பெர்த் வேணாம்னு குடுத்தா அரை சார்ஜ் காட்டுது, முழு சார்ஜ் வரணும்', கூடவே பில்டு நம்பர் (சாஃப்ட்வேரோட எந்த வெர்ஷன்னு), எந்த ப்ரௌசர், ஸ்டெப் ஸ்டெப்பா என்ன பண்ணீங்க, இது போதும், ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது.

பில்டு_ஒடஞ்சிருச்சு:
அக்கா சொன்னது சரி, ஆனா கோடிங் வேணாம்னு யாரும் அர்த்தம் எடுத்துக்காதீங்க ப்ரோ. பைத்தானோ ஜாவாவோ ஒண்ணு, டேட்டாபேஸ்லேருந்து தகவல் எடுக்க எஸ்க்யூஎல் கொஞ்சம், கோடோட வெர்ஷன்களைப் பாத்துக்கற கிட், போஸ்ட்மேன்ங்கற டூல்ல ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுகிட்ட பேசற வழி) அடிச்சுப் பாக்கறது, இது இல்லாம இப்ப இன்டர்வியூல தாண்டறது கஷ்டம். டெவலப்பர் கோடு ஏத்தும்போதெல்லாம் பழைய டெஸ்ட் எல்லாம் தானா ஓடணும், புதுசா ஒண்ணு சேத்ததுல பழசு எது ஒடஞ்சுதுன்னு பாக்கற ரெக்ரஷன் அதுதான், அதைப் போயி கையால பண்ணிட்டிருக்க முடியாது. அதுக்காக எடுத்தவுடனே செலினியம், பிளேரைட்னு ப்ரௌசரைத் தானா ஓட்டற டூல்ல குதிச்சு எல்லாத்தையும் ஸ்கிரீன் வழியா ஆட்டோமேட் பண்ணாதீங்க, ஒரு பட்டன் எடம் மாறினா பாதி டெஸ்ட் செவப்பாகும், அதாவது ஃபெயில் ஆகும், அப்புறம் டீம்ல யாரும் அந்த ரிப்போர்ட்டைப் பாக்கறதையே விட்டுருவாங்க. அரை டிக்கெட் கணக்கு சரியாங்கறதை யூனிட் டெஸ்ட்லயே, அதாவது அந்தக் கணக்குப் போடற கோடை மட்டும் தனியா ஓட்டி, பாத்துரலாம், ப்ரௌசரே தேவையில்ல. ஏஐ டெஸ்ட் கேஸ் எழுதித் தருது, உண்மைதான், நானும் யூஸ் பண்றேன். ஆனா நீங்க குடுத்த ஸ்பெக்ல (சாஃப்ட்வேர் என்ன செய்யணும்னு எழுதினது) இருக்கிறதைத்தான் பெரும்பாலும் திருப்பி எழுதுது, ஸ்பெக்ல விட்டுப்போனதைக் கேக்க ஆள் வேணும்.

நைட்ஷிப்ட்_மாமா:
டெஸ்ட் பாஸ் ஆயிட்டா எல்லாம் சரின்னு நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு. 2024 ஜூலை 19, கிரௌட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனி விட்ட அப்டேட் ஞாபகம் இருக்கா, ஹைதராபாத் ஏர்போர்ட்ல போர்டிங் பாஸை கையால எழுதிக் குடுத்தாங்களே. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்கிரீன்ல போய் நின்னுச்சு. காரணம் என்னன்னா அப்டேட்டுக்கான ஒரு டெம்ப்ளேட்ல 21 ஃபீல்டுன்னு (தகவல் போடற கட்டம்) போட்டிருக்கு, மெஷின்ல ஓடற அவங்க சாஃப்ட்வேரான சென்சார்ல இருந்த கோடு குடுத்ததோ 20தான். டெஸ்ட் பண்ணாமலா விட்டாங்க? பண்ணாங்க, ஆனா அந்த 21வது ஃபீல்டுக்கு எல்லா டெஸ்ட்லயும் வைல்டுகார்டு, அதாவது எது இருந்தாலும் சரின்னு குடுத்துருந்தாங்க, அதனால அந்த எடத்தை கோடு படிக்கவே போகல. அன்னிக்குத்தான் முதல் தடவையா வைல்டுகார்டு இல்லாத அப்டேட் போச்சு, இல்லாத 21வதைப் படிக்கப் போய் கிராஷ். அதுவும் கொஞ்சம் மெஷினுக்கு மட்டும் முதல்ல அனுப்பிப் பாக்காம எல்லாருக்கும் ஒரே நேரத்துல. டெஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் ரிலீஸ் முறை இப்படி இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, அக்கா சொன்ன குவாலிட்டி இன்ஜினியரிங் இந்த எடத்துலதான் வருது.

கோவை_மெக்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சென்டருக்கு நோ சொல்லியாச்சு. அக்கா, தட்கலை வெச்சு நானே முயற்சி பண்ணேன், சரியா பாருங்க. ஒரு டிக்கெட்ல 4 பேர்தான், அதனால 0, 1, 4, 5 பேர். ஏசி காலைல 10 மணிக்குத் தொறக்குது, அதனால 9:59:59, 10:00:00. ஸ்லீப்பருக்கு 10:59:59, 11:00:00. தேதிக்கு, பயணத்துக்கு மொத நாள், ரெண்டு நாள் முன்னாடி.

பக்_புடிக்கிற_அக்கா:
பரவாயில்லயே, மைக்ரோமீட்டர் கை நல்லா பழகியிருக்கு. தேதில மட்டும் ஓட்டை. பயணத்துக்கு மொத நாள்னா எந்த ஸ்டேஷன் கணக்கு? ட்ரெய்ன் கிளம்பற எடத்துத் தேதியை வெச்சுதான் தட்கல் தொறக்கும். கத்ராலேருந்து கன்னியாகுமரி போற ஹிம்சாகர் உங்க ஊருக்கு வந்து சேர ரெண்டு நாளுக்கு மேல ஆகுது. நீங்க கோயம்புத்தூர்ல ஏறினா எந்தத் தேதில தொறக்கணும்? அதையும் கேஸா எழுதிட்டு வாங்க, ராத்திரி பாக்கறேன்.