பதினாறு வயது கூடைப்பந்து ஃபார்வர்டு: பள்ளி ஆட்டத்தைத் தாண்டி நிற்பானா?

கேள்வி: அஸ்தம்பட்டி தாய்மாமன்

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் சேலத்தில் பிளஸ் ஒன் படிக்கிறான். வயது 16, உயரம் 191 சென்டிமீட்டர். கைகளை விரித்து நிற்கச் சொல்லி அளந்தால் 199 வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஆண்டில் 11 சென்டிமீட்டர் வளர்ந்தான். அன்றிலிருந்து கூடைப்பந்தில் ஃபார்வர்டு (முன்வரிசை ஆட்டக்காரன்) என்ற பெயரில், உண்மையில் வளையத்தின் அடியில் நிற்பவனாக மட்டுமே ஆடி வருகிறான். பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் இருபது, இருபத்தைந்து புள்ளிகள் எடுப்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. பிளஸ் டூ முடித்ததும் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வதாகச் சென்னைக் கல்லூரி ஒன்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. இவன் தொழில்முறை ஆட்டக்காரனாக வருவான் என்று பயிற்சியாளர் உறுதியாகச் சொல்கிறார். பொறியியல் படிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார் அக்கா வீட்டுக்காரர். இருவருமே அவன்மீது உள்ள அக்கறையில்தான் பேசுகிறார்கள் என்பதால், யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைக் குழப்புவது சென்ற மாதம் கோவையில் ஓர் அலுவலக அணியுடன் நடந்த பயிற்சி ஆட்டம். வழக்கம்போல வளையத்துக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கி, இடது தோளைச் சாய்த்து, வலக்கையால் எறிந்தான். அவனைவிட மூன்று விரல் உயரமான ஒருவர் அந்த எறிதலை நான்கு முறை தட்டிவிட்டார். அதன் பிறகு பந்து கைக்கு வந்தாலே வெளியே திருப்பி அனுப்பிவிட்டான். மொத்தம் ஆறு புள்ளிகள். ஆனால் அதே ஆட்டத்தில், எதிரணியின் கார்டு (பந்தைக் கொண்டு செல்லும் ஆட்டக்காரர்) ஃபாஸ்ட் பிரேக்கில், அதாவது திடீர் எதிர்த்தாக்குதலில், தனியாகப் பந்தைக் கொண்டு வந்தபோது, இவன் பின்னாலிருந்து ஓடி வந்தும் தாவாமல், அவருக்கும் வளையத்துக்கும் நடுவில் குறுக்காகப் போய்க் கைகளை உயர்த்தி நின்றான். அவர் ஓரத்துக்கு ஒதுங்கிப் பந்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. மூன்று முறை அப்படி நடந்தது. இந்தப் பையனின் எதிர்காலத்தை எதை வைத்து மதிப்பிடுவது?

பதில்: பழைய ஏழாம் எண்

வணக்கம். சென்னையில் ஓர் அலுவலக அணிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கான பாதி விடையை நீங்களே இரண்டாவது பத்தியில் எழுதிவிட்டீர்கள். தட்டிவிடப்பட்ட நான்கு எறிதல்களைவிட, தாவாமல் குறுக்கே போய் நின்ற அந்த மூன்று தருணங்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. பதினாறு வயதில் உயரமான பையன்கள் எல்லோரும் பின்னாலிருந்து தாவிப் பந்தைத் தட்டத்தான் பார்ப்பார்கள். பள்ளி ஆட்டத்தில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும், பெரியவர்களிடம் ஃபவுல்தான் கிடைக்கும். பந்து போகப்போகும் இடத்தைக் கால்களால் அடைக்கத் தெரிந்தவனுக்கு மற்றவற்றைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

உயரத்தைப் பற்றி மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 191 சென்டிமீட்டர் என்பது ஆறடி மூன்று அங்குலம். இந்த உயரத்தோடு வளையத்தின் அடியில் நின்று பிழைக்க முடியாது. நம் நாட்டிலிருந்து வெளியே போன ஃபார்வர்டுகளைப் பாருங்கள்: அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறை லீக்குக்கு ஆள் தயாரிக்கும் ஜி லீக்கில் ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்கு ஆடிய அம்ஜோத் சிங்கும், 2020இல் ஜி லீக் இக்னைட் அணி ஒப்பந்தம் செய்த பிரின்ஸ்பால் சிங்கும் ஆறடி எட்டு அங்குலத்துக்குக் குறையாதவர்கள். உயரம் மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. ஏழடி இரண்டு அங்குலம் கொண்ட சத்னாம் சிங்கை 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52ஆவது தேர்வாக எடுத்தது, ஆயினும் என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. மறுபுறம், 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தர்ட்டி சிக்ஸர்ஸ் அணியில் ஒப்பந்தம் பெற்ற விசேஷ் பிருகுவன்ஷி, பந்தைத் தானே கொண்டு செல்லும் கார்டு. உங்கள் பையனின் வழி இந்தப் பக்கம்தான் இருக்கிறது: வளையத்தை நேராகப் பார்த்துப் பந்தை வாங்க வேண்டும், பந்தைத் தரையில் இரண்டு முறை தட்டி உள்ளே போக வேண்டும், மூன்று புள்ளிக்கான 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து தயங்காமல் எறிய வேண்டும்.

என்னையும் பள்ளியில் மூன்று ஆண்டுகள் வளையத்தின் அடியிலேயே நிறுத்திவைத்தார்கள். கோப்பை பள்ளிக்குக் கிடைத்தது. கல்லூரிக்குப் போனபோது இடக்கையால் ஒரு லே-அப் (ஓடிவந்து வளையத்தருகே தாவிப் போடுவது) போட எனக்குத் தெரியாது, அதைக் கற்கவே இரண்டு ஆண்டுகள் போயின. இது உங்கள் வீட்டுப் பையனுக்கு நேரக்கூடாது.

தொழில்முறை என்ற சொல்லையும் வீட்டில் தெளிவுபடுத்திவிடுங்கள். இங்கே லீக்குகள் வரும், நின்றுபோகும். 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் 2017க்குப் பிறகு இல்லை. தமிழ்நாட்டு ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டு வந்தவை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித் துறை போன்ற அணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள்தாம். அந்த வேலைக்குப் பட்டப்படிப்பு கை கொடுக்கும், எனவே உங்கள் அக்கா வீட்டுக்காரர் சொல்வதும் பயிற்சியாளர் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

பதில்: புள்ளிவிவரப் பித்தன்

ஏழாம் எண் அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எறிதலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். இளம் ஃபார்வர்டுகளை மதிப்பிடுவதில் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் அதுதான்.

2011 என்.பி.ஏ. டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில்) ஒரே வயதுடைய இரண்டு ஃபார்வர்டுகள் இருந்தார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தின் டெரிக் வில்லியம்ஸ் அந்தப் பருவத்தில் 74 மூன்று புள்ளி எறிதல்களில் 42ஐப் போட்டிருந்தார், அது 56.8 சதவீதம். மின்னசோட்டா அவரை இரண்டாவதாக எடுத்தது. சான் டியேகோ ஸ்டேட்டின் கவாய் லெனார்டு 29 சதவீதம் அளவில்தான் போட்டிருந்தார்; பதினைந்தாவதாக எடுக்கப்பட்டு, அன்றே சான் அன்டோனியோவுக்கு மாற்றப்பட்டார். முதல் பருவத்தில் வில்லியம்ஸ் 27 சதவீதத்தைக்கூட எட்டவில்லை; எறியும் முறையைத் திருத்திக்கொண்ட லெனார்டு 37.6 சதவீதம் போட்டார். 2014இலும் 2019இலும் இறுதித் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானவரும் லெனார்டுதான்.

74 எறிதல் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இருவரும் அந்தக் கல்லூரிப் பருவத்தில் எறிந்த ஃப்ரீ த்ரோக்களை (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தனி எறிதல்) பார்த்திருந்தால், இருவருமே ஏறக்குறைய 75 சதவீதம்தான். அதாவது எறியும் கை இருவருக்கும் ஒரே தரம், அந்த 56.8இல் பெரும்பகுதி சிறிய எண்ணிக்கை தந்த மயக்கம். லெனார்டிடம் கூடுதலாக இருந்தவை விரித்தால் ஏழடி மூன்று அங்குலம் வரும் கைகள், பந்தைப் பிடித்தால் விடாத பெரிய உள்ளங்கை, எதிராளியின் முன் நிற்கும் திறன். வில்லியம்ஸோ வெளியே ஆடுவதற்கு வேகம் போதாமலும், உள்ளே ஆடுவதற்கு உடல் போதாமலும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

ஆகவே பையனின் 25 புள்ளிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, தினமும் நூறு ஃப்ரீ த்ரோ எறியச் சொல்லி ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். யாரும் தடுக்காத, தூரம் மாறாத எறிதல் என்பதால் கையின் உண்மை அதில் தெரிந்துவிடும்.

பதில்: ஏற்காடு உடற்கல்வி ஆசிரியர்

ஒரே ஆண்டில் 11 சென்டிமீட்டர் என்று படித்ததும் எனக்கு முதலில் முழங்கால் நினைவுக்கு வந்தது. எலும்பு இவ்வளவு வேகமாக நீளும்போது தசைநார் இழுபட்டு, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் மேட்டில் வலியும் வீக்கமும் வரும். சிமெண்ட் தளத்தில் திரும்பத் திரும்பத் தாவினால் அது கூடும். வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆனால் வலியை மறைத்துக்கொண்டு ஆடவிடக் கூடாது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், முகம் சுளித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயதைக் கணித்து, இன்னும் வளர வாய்ப்பு உண்டா என்பதையும் அவர் சொல்வார். இன்னும் நான்கு சென்டிமீட்டர் வளர்வானா, இதோடு நிற்பானா என்பதைப் பொறுத்து எந்த இடத்தில் ஆடப் பழக்குவது என்பதும் மாறும்.

இன்னொன்று. மூச்சுப் பிடிக்க வேண்டும் என்று ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடி ஏறச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஏறுவது நல்லதுதான். இறக்கத்தில் ஓடவே விடாதீர்கள். வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: அஸ்தம்பட்டி தாய்மாமன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஆறு நாளில் 600 ஃப்ரீ த்ரோ எறிந்தான், 418 விழுந்தன. நானே வளையத்தின் கீழே நின்று பந்தை எடுத்துக் கொடுத்து எண்ணினேன். ஒவ்வொரு நாளும் கடைசி இருபதில் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது; கால்கள் சோர்ந்ததும் கை மட்டும் எறிகிறது என்று எனக்கே புரிந்தது. முழங்காலை அழுத்தியபோது இடது பக்கம் சுளித்தான். இரண்டு மாதமாக வலி இருந்ததாம், அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று சொல்லாமல் இருந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம், எக்ஸ்ரேயும் அன்றே.

பயிற்சியாளரிடம் ஏழாம் எண் அண்ணன் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மண்டலப் போட்டி முடிந்ததும் இவனை வெளியே ஆட விடுவதாகச் சொன்னார். அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை என்றேன். முழங்கால் தேறியதும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஆட்டங்களில் பந்தைக் கொண்டு செல்லும் பொறுப்பை இவனுக்குத் தர ஒப்புக்கொண்டார். மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு அக்கா வீட்டுக்காரரையும் பையனையும் கூட்டிப் போகிறேன். அலுவலக அணிகளில் இவன் உயரத்துக்கு இருப்பவர்கள் எந்த இடத்தில் நின்று ஆடுகிறார்கள் என்பதை இருவரும் நேரில் பார்க்கட்டும்.