ரெண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடினவங்க அனுபவம் சொல்லுங்க

என்விடியாவோட ஜிடிஎக்ஸ் 970 கார்டு ரெண்டு போட்டு எஸ்எல்ஐ-ல (ரெண்டு என்விடியா கார்டைச் சேர்த்து ஓட்டுற முறை) ரொம்ப நாள் ஓட்டினவன் நான், அதனால முதல்ல நானே ஆரம்பிக்கிறேன். ரெண்டாவது கார்டு செகண்ட் ஹேண்ட். ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கணும்னு இல்ல. சிப்பும் மெமரி அளவும் ஒண்ணா இருந்தா போதும். மதர்போர்டைத்தான் பார்த்து வாங்கணும். கார்டு மாட்ட நீளமா ரெண்டு ஸ்லாட் இருக்கேன்னு நம்பிடக் கூடாது. ரெண்டு ஸ்லாட்டுக்கும் எட்டு எட்டு லேனா (டேட்டா போற பாதை) பிரிச்சுக் கொடுக்காத போர்டுல எஸ்எல்ஐ ஆன் ஆகவே ஆகாது.

ரெண்டு கார்டையும் இணைக்கிற பிரிட்ஜை மாட்டி, டிரைவர்ல ஆன் பண்ணினதும் ஜிடிஏ 5, விட்சர் 3 ரெண்டு கேம்லயும் எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்) ஜம்முனு ஏறுச்சு. ஆனா மானிட்டர்ல பார்க்கும்போது அந்த அளவுக்கு வழவழப்பா இல்ல. காரணம் இதுதான்: ஒரு ஃபிரேமை முதல் கார்டு வரையும், அடுத்ததை ரெண்டாவது வரையும். முதல் ஃபிரேம் 8 மில்லி செகண்ட்ல வந்து, அடுத்தது 25 மில்லி செகண்ட்ல வந்தா சராசரி 60-ன்னு கவுண்டர் காட்டும். கண்ணுக்கு அது 40 மாதிரிதான் தெரியும். மைக்ரோ ஸ்டட்டர்னு சொல்ற இந்தத் திக்கல் சிலருக்குத் தெரியாதாம், கொடுத்து வெச்சவங்க. மெமரியும் ரெண்டு மடங்கு ஆகாது. ஒரே டெக்ஸ்ச்சர் (கேம்ல பொருள் மேல ஒட்டுற படம்) ரெண்டு கார்டுலயும் இருக்கணும், அதனால 4 ஜிபியும் 4 ஜிபியும் சேர்ந்தாலும் 4 ஜிபிதான்.

யூபிஎஸ் வேற தனிக்கதை. வீட்ல இருந்தது 600 விஏ, அதாவது 360 வாட் சுமார். ரெண்டு கார்டே 290 வாட் கேட்கும். கேம் லோடாகும்போதே கூவ ஆரம்பிச்சிடும்.

* * *

நம்மது ஏஎம்டி பக்கம், அண்ணே. ஆர்9 290எக்ஸ் கூட ஒரு சாதா 290. கிராஸ்ஃபயர்ல (ஏஎம்டி-யோட ரெண்டு கார்டு முறை) இப்படிக் கலந்து போடலாம், பிரிட்ஜும் வேண்டாம். டேட்டா பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாவே போயிடும். ஆனா ஃபுல் ஸ்கிரீன்ல மட்டும்தான் வேலை செய்யும். பார்டர்லெஸ் விண்டோவுக்கு மாத்தினா ரெண்டாவது கார்டு தூங்கப் போயிடும். சூட்டைப் பத்திக் கேட்கவே வேண்டாம். கீழ் கார்டு கக்குற அனலைத்தான் மேல் கார்டு மூச்சா இழுக்கும். மே மாசத்துல சைடு பேனலைக் கழட்டி வெச்சுட்டுத்தான் ஆடினேன்.

* * *

நீங்கல்லாம் சின்னப் பசங்கப்பா. 1998-ல 3டிஎஃப்எக்ஸ் வூடூ2 ரெண்டு போட்டவன் நான். அந்தக் கார்டு 3டி மட்டும்தான் வரையும், சாதாரண டிஸ்ப்ளேக்குத் தனியா இன்னொரு கார்டு. ஆக மொத்தம் மூணு, பின்னாடி விஜிஏ ஒயர் வளைஞ்சு வளைஞ்சு போகும். ஒரு கார்டுல 800x600 வரைக்கும்தான். ரெண்டு போட்டா 1024x768. ஒரே ஃபிரேம்ல ஒற்றை வரி ஒருத்தன், இரட்டை வரி இன்னொருத்தன்னு பங்கு போட்டதால, நீங்க சொல்ற ஸ்டட்டர் பேச்சுக்கே இடம் இல்ல.

* * *

ஐயா சொல்றது சரி. ஆனா புது கேம்கள்ல ஆளுக்கொரு ஃபிரேமாப் பிரிக்கிறதும் கஷ்டமாப் போச்சு. இப்போ டிஏஏ (ஓரங்களை வழவழப்பாக்குற முறை) மாதிரி பல எஃபெக்ட் முந்தின ஃபிரேமை எடுத்துப் பார்த்துத்தான் அடுத்ததை வரையுது. முந்தின ஃபிரேம் பக்கத்து கார்டுல இருந்தா அது வர்ற வரைக்கும் இது காத்துக் கிடக்கணும். டிஎக்ஸ்12 (மைக்ரோசாஃப்டோட டைரக்ட்எக்ஸ் 12) வந்தப்போ ரெண்டு கார்டுக்கு வேலையைப் பிரிக்கிற பொறுப்பு டிரைவர்ல இருந்து கேம் எழுதுறவங்க தலைக்கு மாறுச்சு. ரெண்டு கார்டு வெச்சிருக்கிற கொஞ்சப் பேருக்காக யார் மெனக்கெடுவாங்க? 2021-ல இருந்து என்விடியா புது எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்கும் டிரைவர்ல வேணும்கிற செட்டிங்) போடுறதையும் நிறுத்திட்டாங்க. 30 வரிசையில 3090, 3090 டிஐ ரெண்டுல மட்டும் கார்டுகளை இணைக்கிற வசதி இருந்தது, 4090-ல அதுவும் இல்ல.

கேமுக்காகன்னா ரெண்டையும் வித்துட்டு ஒரே பெரிய கார்டா எடுங்க. வீட்லயே ஏஐ மாடல் ஓட்டணும்னா மட்டும் ரெண்டு 3090 போடலாம். மாடலைத் துண்டு போட்டு ஆளுக்குப் பாதியா வெச்சுக்கும், அதனால அங்கே 24-ம் 24-ம் நிஜமாவே 48 ஜிபி. வாங்குறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் கேஸை அளந்துடுங்க, 3090 பல மாடல்கள் மூணு ஸ்லாட் தடிமன்.